எல்லை தாண்டும் காவல்: ஐரோப்பிய போலீஸ் கூட்டுறவின் அரசியல்



ஐரோப்பா என்றதும் நம்மவர்கள் ஒரே விசாவில் 29 நாடுகளைச் சுற்றிப் பார்க்கலாம் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். அந்த விசாவைக் கொடுப்பதற்கு முன் தூதரகத்தில் இருப்பவர் ஒரு கணினிப் பட்டியலில் உங்கள் பெயரைத் தேடிப் பார்க்கிறார். அந்தப் பட்டியலை யார் உண்டாக்கினார்கள், எதற்காக உண்டாக்கினார்கள் என்பதுதான் இன்று என் பேச்சு.

இதற்கு ஒரு வழக்கமான விளக்கம் உண்டு. குற்றவாளி எல்லை பார்ப்பதில்லை, ஆகவே போலீசும் எல்லை பார்க்கக் கூடாது என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடத்தல்காரன் எல்லை தாண்டத் தொடங்கி எத்தனையோ நூற்றாண்டுகள் ஆயிற்று. ஒப்பந்தங்கள் மட்டும் ஏன் சில குறிப்பிட்ட ஆண்டுகளில் கையெழுத்தாகின்றன? அந்த ஆண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அப்போது எந்த அரசு எதற்குப் பயந்தது, எந்தத் தலைவருக்கு எது தேவைப்பட்டது என்று பார்த்தால், திருடனும் கடத்தல்காரனும் பெரும்பாலும் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் வேறு ஆட்கள்.

முதலில் 1851ஆம் ஆண்டைப் பார்ப்போம். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் புரட்சி பாரிஸ், வியன்னா, பெர்லின் என்று பரவி மன்னர்களின் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. புரட்சியை அடக்கிவிட்டார்கள். அதில் தப்பியவர்கள் லண்டனிலும் சுவிட்சர்லாந்திலும் போய் உட்கார்ந்துகொண்டு பத்திரிகை நடத்தினார்கள். பெர்லின் காவல் தலைவர் கார்ல் லுட்விக் ஃபோன் ஹிங்கெல்டை முன்கை எடுக்க, பிரஷ்யா, ஆஸ்திரியா, பவேரியா, சாக்சனி, ஹனோவர், வூர்ட்டெம்பெர்க், பாடன் ஆகிய ஏழு அரசுகளின் காவல் அதிகாரிகள் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். யார் எந்த ஊரில் தங்கியிருக்கிறார், யாருக்குக் கடிதம் போடுகிறார், எந்தத் துண்டறிக்கை எந்த அச்சகத்தில் அச்சாகிறது என்ற செய்திகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டார்கள். தேடப்பட்டவர்கள் ஜனநாயகவாதிகள், சோஷலிஸ்டுகள், தாராளவாதிகள். களவும் கொள்ளையும் இந்தச் சங்கத்தின் வேலையாக இருக்கவில்லை.

அதே 1851இல் லண்டனில் மாபெரும் பொருட்காட்சி நடந்தது. பிரஷ்ய அதிகாரி வில்ஹெல்ம் ஷ்டீபர் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு லண்டன் போனார். போன வேலை, அங்கிருந்த ஜெர்மானிய அரசியல் அகதிகளை உளவு பார்ப்பது. அடுத்த ஆண்டு கொலோன் நகரில் கம்யூனிஸ்டுகள் 11 பேர் மீது நடந்த வழக்கில், மார்க்சின் கூட்டங்களில் எழுதப்பட்டதாக ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்து அரசுத் தரப்பு நீட்டியது. அது போலி என்பதை லண்டனில் இருந்தபடியே மார்க்ஸ் ஆதாரங்களைத் திரட்டி அனுப்பி அம்பலப்படுத்தினார். அப்படியும் ஏழு பேருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தச் சங்கம் 1866 வரைதான் இருந்தது. அந்த ஆண்டு பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் ஒன்றோடொன்று போருக்குப் போயின. திருடர்கள் அப்போதும் எல்லை தாண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அரசுகளுக்குள் நட்பு முறிந்தபோது போலீஸ் சங்கமும் முடிந்துபோனது.

இனி 1898க்கு வருகிறேன். அந்த ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத், ஜெனீவா ஏரிக்கரையில் நீராவிப் படகைப் பிடிக்க நடந்துகொண்டிருந்தார். லூயிஜி லுக்கேனி என்ற இத்தாலியக் கூலித் தொழிலாளி, கூராகத் தீட்டிய அரத்தால் அவர் நெஞ்சில் குத்தினான். கத்தி வாங்க அவனிடம் காசில்லை. பேரரசி எழுந்து நடந்து படகிலேறி, அங்கே மயங்கி விழுந்தபோதுதான் குத்துப்பட்டதே தெரிந்தது. ஐரோப்பா முழுவதும் அதிர்ந்தது. நவம்பர் மாதமே இத்தாலிய அரசு 21 நாடுகளை ரோமுக்கு அழைத்து, அராஜகவாதிகளை ஒடுக்குவதற்கென்று ஒரு மாநாடு கூட்டியது.

செத்தது ஆஸ்திரியப் பேரரசி, கொலை நடந்தது சுவிட்சர்லாந்தில். மாநாட்டை இத்தாலி ஏன் கூட்ட வேண்டும்? ஒரு காரணம் அவமானம். 1894இல் பிரெஞ்சு அதிபர் கார்னோவைக் கொன்றவன், 1897இல் ஸ்பெயின் பிரதமர் கானோவாசைக் கொன்றவன், இப்போது லுக்கேனி, மூவருமே இத்தாலியர். இன்னொரு காரணம் உள்ளூர் விவகாரம். அந்த ஆண்டு மே மாதம் மிலான் நகரில் ரொட்டி விலையேற்றத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்த மக்கள்மீது தளபதி பாவா பெக்காரிஸ் பீரங்கியால் சுட்டார். மன்னர் உம்பர்ட்டோ அவருக்குப் பதக்கம் குத்தினார். உள்நாட்டில் வாயடைக்கப்பட்டவர்கள் வெளிநாட்டிலிருந்து எழுதினார்கள், பேசினார்கள். அவர்களை அடக்க அண்டை நாட்டுப் போலீசின் தயவு வேண்டியிருந்தது. ஜெனீவாக் கொலை அதற்கு வாய்ப்பாக அமைந்தது.

ரோமில் அவர்கள் செய்த முக்கியமான காரியத்தைச் சட்டம் படிக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். அரசியல் குற்றத்துக்காக ஒருவரை இன்னொரு நாட்டிடம் ஒப்படைப்பதில்லை என்பது அக்காலத்து ஐரோப்பாவில் வேரூன்றிவிட்ட வழக்கம். அதை ரத்து செய்தால் தாராளவாதிகள் சண்டைக்கு வருவார்கள். ஆகவே வழக்கத்தைத் தொடாமல், அராஜகவாதத்துக்கும் அரசியலுக்கும் சம்பந்தமே இல்லை என்று தீர்மானம் போட்டார்கள். அரசைக் கவிழ்க்க வேண்டும் என்று பேசுகிறவனை அரசியல்வாதியே அல்ல என்று அரசுகள் ஒன்றுகூடி அறிவித்தன. பிரிட்டன் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. மற்றபடி, ஆளின் மூக்கு, காது, நெற்றி அளவுகளைக் குறிக்கும் பெர்த்தியோன் முறையை எல்லா நாட்டுப் போலீசும் பின்பற்றி விவரங்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்பதில் பெரிய தகராறு வரவில்லை. கருவிகளில் சீக்கிரம் ஒத்துப்போவதும் யார் மீது பயன்படுத்துவது என்பதில் இழுபறிப்படுவதும் அன்று தொடங்கி இன்றுவரை மாறவில்லை. இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் 1900 ஜூலையில் மன்னர் உம்பர்ட்டோவை ஒரு அராஜகவாதி சுட்டுக் கொன்றான். மிலானுக்குப் பழி என்றான் அவன்.

முதல் உலகப் போர் முடிந்த பிறகு வியன்னாவில் ஒரு விந்தையான நிலைமை. பேரரசு நொறுங்கிப் போயிற்று, நாணயம் செல்லாக்காசாகி விட்டது, நாடு கடனில் ஓடியது. ஆனால் பேரரசுக் காலத்துப் போலீஸ் ஆவணங்களும் அட்டைப் பதிவுகளும் அனுபவமுள்ள அதிகாரிகளும் அப்படியே இருந்தார்கள். வியன்னாக் காவல் தலைவர் யோஹான் ஷோபர் 1923இல் பல நாட்டுக் காவல் அதிகாரிகளைக் கூட்டி, சர்வதேசக் குற்றக் காவல் ஆணையத்தை அமைத்தார். இன்டர்போலுக்கு முன்னோடி அதுதான். இந்த ஷோபர் வெறும் போலீஸ்காரர் அல்லர். அதற்கு முன்பே ஆஸ்திரியாவின் பிரதமர் பதவியில் இருந்தவர், பின்னாலும் இருந்தார். சிறுத்துப்போன ஒரு நாட்டுக்கு உலக மேடையில் ஓர் இடம் பிடித்துத் தருவது அவர் தெரிந்தே செய்த அரசியல்தான். ஆணையமோ அரசியல் குற்றங்களைத் தொடுவதில்லை என்று சொல்லிக்கொண்டது. கள்ளநோட்டுத்தான் அதற்குப் பிடித்த விஷயம்.

அந்தக் கள்ளநோட்டு விஷயத்தில் நடந்ததைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1925 டிசம்பரில் ஹேக் நகரத்து வங்கியில், ஆயிரம் பிராங்க் பிரெஞ்சு நோட்டை மாற்ற வந்த ஹங்கேரி ராணுவ அதிகாரி ஒருவர் பிடிபட்டார். நோட்டு போலி. நூலைப் பிடித்துக்கொண்டு போனால், போருக்குப் பின் தங்கள் நாட்டைத் துண்டாடியதற்குப் பிரான்சைப் பழிவாங்க நினைத்த ஹங்கேரி தேசியவாதிகளின் சதி வெளிப்பட்டது. குற்றவாளிக் கூண்டில் ஒரு இளவரசர் நின்றார், அவர் பக்கத்தில் ஹங்கேரியின் தேசியக் காவல் தலைவர் இம்ரே நாடோசியும் நின்றார். இருவருக்கும் தண்டனை விழுந்தது. ஒரு நாட்டின் காவல் தலைவரே நாட்டுப்பற்றின் பெயரால் நோட்டு அடித்த இந்த வழக்கின் விளைவாகத்தான் 1929இல் ஜெனீவாவில் கள்ளநோட்டுக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கை பிறந்தது. அரசியல் கலக்காத தூய குற்றம் என்று கருதப்பட்டதிலும் கடைசியில் அரசியல்தான் இருந்தது.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். ஆணையத்தின் தலைவர் பதவி வியன்னாக் காவல் தலைவருக்குரியது என்று விதி இருந்ததால், வியன்னாவைப் பிடித்தவர்களுக்கு ஆணையமும் சேர்ந்தே கிடைத்தது. 1940இல் நாஜிப் போலீஸ் தலைவர்களில் ஒருவரான ரைன்ஹார்ட் ஹைட்ரிஷ் அதன் தலைவரானார். அலுவலகம் பெர்லினின் வான்சே பகுதிக்குப் போனது. ஐரோப்பிய யூதர்களை அழித்தொழிப்பது பற்றிப் பேச ஹைட்ரிஷ் 1941 நவம்பர் 29ஆம் தேதி அனுப்பிய அழைப்புக் கடிதத்தில் கூட்டம் நடக்கும் இடமாகக் குறித்திருந்த முகவரி, க்ளைனென் வான்சே 16ஆம் எண். அதாவது இந்தச் சர்வதேசக் குற்றக் காவல் ஆணையத்தின் அலுவலகம். பிறகு கூட்டம் தள்ளிப்போய், இடமும் அருகிலிருந்த வேறொரு மாளிகைக்கு மாறி, 1942 ஜனவரி 20ஆம் தேதி நடந்தது. ஹைட்ரிஷ் கொல்லப்பட்ட பின் 1943இல் தலைவரான எர்ன்ஸ்ட் கால்டென்புரூன்னர் நியூரம்பெர்க் தீர்ப்பின்படி தூக்கிலிடப்பட்டார். அரசியல் கலப்பில்லாத தொழில்நுட்ப அமைப்பு என்று 1923இல் சொல்லிக்கொண்டது இது.

அமெரிக்க ஆய்வாளர் மத்தியூ டெஃப்லெம் 2002இல் வெளியிட்ட நூலில் வேறொரு வாதத்தை வைக்கிறார். போலீஸ் அமைப்புகள் அரசியலிலிருந்து விலகித் தங்களுக்கென்று ஒரு தொழில் அறிவை வளர்த்துக்கொள்கின்றன, அந்தச் சுதந்திரம் வந்தபிறகுதான் சர்வதேச ஒத்துழைப்பே சாத்தியமாகிறது என்கிறார். காவல் அதிகாரிகள் நாட்டு வேற்றுமை பாராமல் ஒருவரை ஒருவர் எளிதில் புரிந்துகொள்கிறார்கள் என்பது சரிதான். கைரேகை நிபுணருக்குக் கைரேகை நிபுணர் உறவு. ஆனால் ஹைட்ரிஷ் அத்தனை எளிதாக அந்த அமைப்பின் நாற்காலியில் உட்கார முடிந்ததை நினைத்தால், அந்தச் சுதந்திரம் அரசியல் அனுமதிக்கும் வரைக்குமான சுதந்திரம்தான் என்று எனக்குப் படுகிறது.

1946இல் பிரஸ்ஸல்சில் ஆணையத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். 1950 மார்ச்சில் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து மூன்று பயணிகள் விமானங்களைச் சிலர் மேற்கு ஜெர்மனிக்கு ஓட்டிக்கொண்டு வந்து இறக்கினார்கள். பிராக் அரசு அவர்களைக் கடத்தல்காரர்கள் என்று சொல்லி அந்த அமைப்பின் மூலம் தேடுதல் அறிவிப்பு விட்டது. அமெரிக்காவுக்கோ அவர்கள் கம்யூனிசத்திலிருந்து தப்பி வந்த வீரர்கள். எஃப்பிஐயின் எட்கர் ஹூவர் அந்த ஆண்டே அமைப்பை விட்டு வெளியேறினார். 1956இல் இன்டர்போல் என்ற பெயரோடு வந்த சாசனத்தின் 3ஆம் பிரிவு, அரசியல், ராணுவ, மத, இன விவகாரங்களில் தலையிடக் கூடாது என்று தடை போட்டது. அதனால் எழுபதுகளில் மியூனிக் ஒலிம்பிக் படுகொலையும் மேற்கு ஜெர்மனியின் செம்படைக் குழுவின் குண்டுகளும் வந்தபோது, இன்டர்போலை நம்பிப் பயனில்லை என்று மேற்கு ஐரோப்பிய அரசுகள் வேறு வழி தேடின.

அந்த வழிக்குப் பெயர் ட்ரெவி. 1975 டிசம்பரில் ரோமில் தலைவர்கள் முடிவெடுக்க, 1976 ஜூனில் உள்துறை அமைச்சர்கள் லக்சம்பர்க்கில் கூடினார்கள். இதற்குத் தனி அலுவலகம் கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, நாடாளுமன்றம் கேள்வி கேட்க வழி கிடையாது, நீதிமன்றத்துக்கு அதிகாரம் கிடையாது. சோம்பலால் இப்படி விட்டுவிடவில்லை, வேண்டுமென்றேதான் இப்படி வைத்துக்கொண்டார்கள். உள்துறை அமைச்சர் ஒரு கடுமையான அதிகாரத்தை உள்ளூர் நாடாளுமன்றத்தில் கேட்டால் எதிர்க்கட்சி எழுந்து நிற்கும், பத்திரிகை எழுதும், நிதியமைச்சர் முகம் சுளிப்பார். மற்ற நாட்டு உள்துறை அமைச்சர்களோடு மூடிய அறையில் பேசி முடித்துவிட்டு, ஐரோப்பிய அளவில் முடிவாகிவிட்டது, நாம் மட்டும் பின்வாங்க முடியாது என்று வந்து நின்றால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். போலீஸ் கூட்டுறவின் அரசியல் லாபங்களில் இதைத்தான் நான் முதலாவதாகச் சொல்வேன். திருடனைப் பிடிக்கிறதோ இல்லையோ, சொந்த நாட்டு நாடாளுமன்றத்தைச் சுற்றிக்கொண்டு போக இது நல்ல குறுக்குவழி.

இந்த இடத்தில் நம்மவர் கதை ஒன்று நேரடியாகக் குறுக்கிடுகிறது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈழத் தமிழ் இளைஞர்கள் ஐரோப்பாவுக்குப் போகத் தொடங்கினார்கள். அவர்களுக்குத் திறந்திருந்த வழிகளில் ஒன்று கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையம். அங்கே இறங்கி, ஃப்ரீட்ரிஷ் தெரு நிலையத்துக்குப் போய் நகர ரயிலில் ஏறினால் மேற்கு பெர்லின். கிழக்குக் காவலர்கள் வெளியே போகிறவரைத் தடுக்கவில்லை. மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டைப் பார்க்க ஆளே கிடையாது. ஏனென்றால் பெர்லினைப் பிரித்த கோட்டைச் சர்வதேச எல்லை என்று மேற்கு ஜெர்மனி ஒப்புக்கொள்ளவே இல்லை. அங்கே குடியேற்றச் சோதனை வைத்தால் நாட்டுப் பிரிவினையை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். கையில் போலீஸ், கண்ணெதிரே ரயில், ஆனாலும் நிறுத்திக் கேட்க முடியாத நிலை. போலீஸ் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்பதை அரசியல் தீர்மானித்ததற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

1985இல் மேற்கு ஜெர்மனியில் புகலிடம் கேட்டவர்களில் ஈழத் தமிழர் பெருந்தொகையினர். மேற்கு ஜெர்மன் அரசு கிழக்கு ஜெர்மனியோடு பேச்சு நடத்தியது. அந்த ஜூலையில், மேற்கு நாட்டு விசா இல்லாத இலங்கைத் தமிழரை இடைவழியாக ஏற்பதில்லை என்று கிழக்கு ஜெர்மனி அறிவித்தது. அதே ஜூலையில் கிழக்குக்குத் தரும் வட்டியில்லாக் கடன் வசதியின் உச்சவரம்பு 85 கோடி மார்க்காக உயர்த்தப்பட்டது. இரண்டையும் முடிச்சுப் போட்டு அப்போதே பேசினார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் எல்லா நாட்டினருக்கும் அந்த வழி அடைபட்டது. அந்தச் செய்தியை வெளியிட்டவர் ஆளும் கட்சிக்காரர் அல்லர், எதிர்க்கட்சியான சமூக ஜனநாயகக் கட்சியின் பிரதமர் வேட்பாளர் யோஹான்னெஸ் ராவ். 1987 ஜனவரியில் தேர்தல் இருந்தது. மதில் கட்டித் தன் மக்களையே சுட்ட ஓர் அரசோடு, அகதிகளைத் தடுக்கும் விஷயத்தில் மேற்கின் இரு பெரிய கட்சிகளும் போட்டி போட்டுக்கொண்டு பேசின என்பதை நாம் மறக்கக் கூடாது. அதே 1986 அக்டோபரில் லண்டனில் கூடிய உள்துறை அமைச்சர்கள் குடியேற்றத்துக்கென்று தனிக் குழு அமைத்தார்கள். 1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் ஓடுபாதைத் தளத்தில் ஆடையைக் களைந்து போராடினார்கள். அதைத் தொடர்ந்து, சரியான ஆவணம் இல்லாதவரை ஏற்றி வரும் விமான நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கும் சட்டத்தை பிரிட்டன் கொண்டுவந்தது.

ஷெங்கன் கதையும் இதே ஆண்டுகளில்தான் நடக்கிறது. 1984 தொடக்கத்தில் எல்லைச் சாவடிகளில் காத்துக் காத்துச் சலித்துப்போன லாரி ஓட்டுநர்கள் சாலைகளை மறித்தார்கள். பிரெஞ்சு அதிபர் மித்தெரான், மேற்கு ஜெர்மன் பிரதமர் கோல் ஆகியோரின் அரசுகள் அந்த ஜூலையில் ஜார்ப்ரூக்கனில் பிரெஞ்சு-ஜெர்மன் எல்லையைத் தளர்த்த ஒப்புக்கொண்டன. 1985 ஜூன் 14ஆம் தேதி மோசெல் ஆற்றில், ஷெங்கன் என்ற லக்சம்பர்க் கிராமத்துக்கருகே, ‘பிரின்ஸஸ் மாரி அஸ்ட்ரிட்’ என்ற பயணப் படகில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. வணிகருக்கும் ஓட்டுநருக்கும் கொடுத்த இந்தச் சலுகைக்கு ஈடாகப் போலீசுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று உள்துறைக்காரர்கள் கணக்குப் போட, ஐந்து ஆண்டு பேரம் நடந்தது. 1990 ஜூன் 19ஆம் தேதி வந்த அமலாக்க உடன்படிக்கையில் பெரும்பகுதி போலீஸ், விசா, பதிவேடு. புகலிடம் கேட்பவரை எந்த நாடு ஏற்க வேண்டும் என்று வகுத்த டப்ளின் உடன்படிக்கை அதற்கு நான்கு நாள் முன்னால் கையெழுத்தானது.

ஷெங்கன் தகவல் அமைப்பு 1995இல் இயங்கத் தொடங்கியபோது அதில் பதிவான ஆட்களில் பெரும்பாலோர் தேடப்படும் கொலைகாரர்களோ கடத்தல்காரர்களோ அல்லர். உடன்படிக்கையின் 96ஆம் பிரிவின் கீழ் நுழைய விடக் கூடாது என்று குறிக்கப்பட்ட வெளிநாட்டினர். நான் தொடக்கத்தில் சொன்ன பட்டியல் அதுதான்.

குற்றவாளியைத் துரத்திக்கொண்டு எல்லை தாண்டும் உரிமையையும் இதே உடன்படிக்கை கொடுத்தது. நடைமுறையில் அது எப்படியிருந்தது? ஜெர்மன் மண்ணுக்குள் அண்டை நாட்டுப் போலீஸ் எவ்வளவு தூரமும் துரத்தி வரலாம், ஆளைப் பிடித்தும் வைக்கலாம். பிரான்சுக்குள் துரத்தி வரலாம், ஆனால் கை வைக்கக் கூடாது. உள்ளூர் போலீசுக்குச் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஓடுகிறவன் ஒருவனே, துரத்துகிறவரும் ஒருவரே. ஒருவரைப் பிடித்து வைப்பது அரசின் இறையாண்மை என்று பிரான்ஸ் நினைத்தது. ஐரோப்பிய ஐக்கியத்துக்குத் தான் தடையாக இருப்பதாகத் தெரியக் கூடாது என்று மேற்கு ஜெர்மனி நினைத்தது. போதைப் பொருள் பற்றியும் இதே கதைதான். 1995இல் எல்லைகள் திறந்த பிறகும் பிரெஞ்சு அதிபர் ஷிராக்கின் அரசு பெல்ஜியம், லக்சம்பர்க் எல்லைகளில் சோதனையை விடாமல் வைத்துக்கொண்டது. நெதர்லாந்தின் காபிக் கடைகளில் கஞ்சா விற்பதைச் சாட்டாகச் சொன்னது. புதிய அதிபருக்கு அது உள்நாட்டில் நல்ல பெயர் வாங்கித் தரும் சண்டை.

யூரோபோலைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஜெர்மனி ஒன்றுசேர்ந்த கையோடு, 1991 ஜூனில், ஐரோப்பாவுக்கென்று ஒரு குற்றக் காவல் அலுவலகம் வேண்டும் என்று ஹெல்முட் கோல் லக்சம்பர்க்கில் கேட்டார். எஃப்பிஐ போல ஒன்று அவர் மனத்தில் இருந்தது. பெரிய ஜெர்மனியைக் கண்டு அண்டை வீட்டார் பயப்படும் நேரத்தில், தன் காவல் அதிகாரத்தையே ஐரோப்பாவிடம் பங்குபோடத் தயார் என்று காட்டுவது அவருக்கு வசதி. அவர் கேட்டது கிடைக்கவில்லை. 1999இல் முழுமையாக இயங்கத் தொடங்கிய யூரோபோலுக்கு இன்றுவரை யாரையும் கைது செய்யும் அதிகாரம் இல்லை. தகவல் சேர்க்கலாம், அலசலாம், அனுப்பலாம். அந்த அளவில் அது பயனற்றதல்ல. என்க்ரோசாட் என்ற ரகசியக் கைபேசி வலையைப் பிரெஞ்சு, டச்சுப் போலீசார் 2020இல் ஊடுருவியதைத் தொடர்ந்து உலகெங்கும் 6,558 பேர் கைதானதாக 2023இல் அறிவித்தார்கள். அவர்களில் உண்மையான கொள்ளையரும் கொலைகாரரும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் 2022 ஜனவரியில், குற்றத்தோடு தொடர்பு நிறுவப்படாதவர்களின் தகவல்களை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அழித்துவிடுங்கள் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் தகவல் பாதுகாப்புக் கண்காணிப்பாளர் யூரோபோலுக்கு ஆணையிட்டார். அதே ஆண்டு ஜூனில் சட்டத்தைத் திருத்தி, பழைய சேகரிப்பையும் வைத்துக்கொள்ள வழி செய்துவிட்டார்கள்.

ஸ்பெயினின் கதையோடு என் வாதத்தை முடிக்கிறேன். எழுபதுகள் முதல் ஸ்பெயினுக்குத் தீராத தலைவலியாக இருந்தது பாஸ்க் பிரிவினை அமைப்பான ஈடிஏ. தொண்ணூறுகளில் ஈடிஏயோடு தொடர்புடையவர்கள் என்று ஸ்பெயின் தேடிய சிலரை ஒப்படைக்க பெல்ஜியம் இழுத்தடித்தது. கொதித்துப்போன ஸ்பெயின் பிரதமர் அஸ்நாரின் அரசு, 1997 ஆம்ஸ்டர்டாம் உடன்படிக்கையில் ஒரு தனி நெறிமுறையைச் சேர்க்க வைத்தது. ஒன்றியத்தின் ஒரு நாட்டுக் குடிமகன் இன்னொரு நாட்டில் அரசியல் புகலிடம் கேட்பதை அது அநேகமாக அடைத்தது. அடுத்து, ஒப்படைப்பு விஷயத்தை அமைச்சர்கள் கையிலிருந்து எடுத்து நீதிபதிகளிடம் கொடுக்கும் ஐரோப்பியப் பிடியாணை. 2001இல் நியூயார்க் கோபுரங்கள் விழுந்த எட்டாம் நாள் அதன் வரைவு மேசைக்கு வந்தது. பேச்சுவார்த்தையில் உருவான வடிவம், 32 வகைக் குற்றங்களுக்கு, இரு நாட்டிலும் அது குற்றமா என்ற சோதனையே வேண்டாம் என்றது. டிசம்பரில் இத்தாலியின் பெர்லுஸ்கோனி மட்டும் முட்டுக்கட்டை போட்டார். ஆறு வகை போதும் என்றார். ஊழலும் மோசடியும் அந்த ஆறில் இல்லை. அவருடைய தொலைக்காட்சி வணிகத்தைப் பற்றி ஸ்பெயின் நீதிபதி ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்த சமயம் அது. பெல்ஜியப் பிரதமர் ரோமுக்கே பறந்து போய்ச் சமாதானம் செய்த பிறகு இறங்கி வந்தார்.

இவ்வளவு பாடுபட்டு உருவாக்கிய கருவியை ஸ்பெயின் 2017இல், தனி நாடு கோரிய கட்டலோனியாவின் முன்னாள் தலைவர் கார்லஸ் புஜ்டமோன் மீது பயன்படுத்தியது. அவர் ஓடிப்போன நாடு, சொல்லி வைத்தாற்போல, பெல்ஜியம். 2018 மார்ச் 25ஆம் தேதி பின்லாந்திலிருந்து காரில் பெல்ஜியம் திரும்பும் வழியில், டென்மார்க் எல்லையைத் தாண்டியதும் ஜெர்மனியின் ஏ7 நெடுஞ்சாலையில் போலீஸ் அவரை மறித்தது. பல நாடுகளின் வழியே ஸ்பானிய உளவுத் துறை அவரைப் பின்தொடர்ந்திருந்தது. நொய்மூன்ஸ்டர் சிறையில் அடைத்தார்கள். ஸ்பெயின் சாட்டிய முதன்மைக் குற்றம் கிளர்ச்சி. அது 32 வகைப் பட்டியலில் இல்லாததால் ஜெர்மன் சட்டத்திலும் அது குற்றமா என்று பார்க்க வேண்டியதாயிற்று. ஜூலை 12ஆம் தேதி ஷ்லெஸ்விக் உயர் நீதிமன்றம், ஜெர்மன் சட்டம் கேட்கும் அளவுக்கு இங்கே வன்முறை இல்லை, கிளர்ச்சிக் குற்றத்துக்காக ஒப்படைக்க முடியாது, பொதுப் பணத்தை முறைகேடாகச் செலவிட்டதற்கு வேண்டுமானால் ஒப்படைக்கலாம் என்றது. சின்னக் குற்றத்துக்கு மட்டும் விசாரிக்க ஸ்பெயினுக்கு ஆள் வேண்டியிருக்கவில்லை. ஒரே வாரத்தில் பிடியாணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வேண்டியது பணக் கணக்கா, ஆளா என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. என் கருத்து இதுதான்: ஐரோப்பாவின் போலீஸ் கூட்டுறவைக் குற்றத்துக்கு எதிரான ஏற்பாடு என்று சொல்வது அதன் விளம்பரம். அது அரசுகள் தங்கள் எதிரிகளுக்கு எதிராக ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் கடன். கடனை எப்போது கொடுப்பது, எப்போது கைவிரிப்பது என்பதை அரசியல் முடிவு செய்கிறது. அதற்குக் குறுக்கே நிற்கும் தெம்பு அவ்வப்போது ஒரு நீதிமன்றத்துக்குத்தான் இருந்திருக்கிறது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1984, 85இல் ஷோனஃபெல்டில் இறங்கி ஃப்ரீட்ரிஷ் தெரு ரயிலில் ஏறிய ஈழத்து இளைஞர்கள் இப்போது அறுபதைத் தாண்டிய பெரியவர்கள். கிழக்கு ஜெர்மன் ரகசியப் போலீசின் ஆவணங்களோ இன்று ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கின்றன. உங்களில் ஜெர்மன் மொழி படிப்பவர்கள் அந்த ஆவணங்களையும், அந்தப் பெரியவர்களின் வாய்மொழியையும் அருகருகே வைத்து, இரண்டு ஜெர்மனிகளும் நம் மக்களை வைத்துப் பேசிய பேரத்தைத் தமிழில் எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள்.